கேட்பதற்கு ஒரு நாற்காலி

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் ஒரு கூம்புக் குழாய்க்குள் முகத்தைக் குனிந்து பாடினார். கிராமபோன் கம்பெனிக்காக வந்திருந்த பிரெட் கெய்ஸ்பர்க் அந்தக் குரலை மெழுகுத் தட்டில் பதித்தார். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டுகள் அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். எந்தக் குரல் யாருடையது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். நடைமுறைத் தேவைக்காகச் செய்ததுதான். ஆனாலும், இந்திய ஒலிப்பதிவின் முதல் மாதத்திலேயே ஒரு பெண், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்ற ஒட்டு எதுவுமின்றித் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறாள்.

வீட்டு ஒலிக்கருவிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கருவிகளை வரிசைப்படுத்துவார்கள். கிராமபோன், வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், ஸ்டீரியோ, கைப்பேசி. வரிசையில் பிழையில்லை. பெட்டி வீட்டுக்குள் வந்த பிறகு அது எங்கே வைக்கப்பட்டது, யார் திருகினார்கள், யார் தூசி துடைத்தார்கள், யாருக்கு உட்கார்ந்து கேட்க நேரம் இருந்தது என்பதை மட்டும் அந்த வரிசை சொல்லாது. நான் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

தென்னிந்தியாவில் முதலில் இசைத்தட்டில் ஏறிய குரல்களில் பெரும்பங்கு தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்களுடையது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று நீளும் பட்டியல் அது. வித்துவான்கள் பலர் இயந்திரத்துக்கு முன் பாடத் தயங்கினார்கள். குடும்பப் பெண்கள் பொதுவில் பாடுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பாட்டைத் தொழிலாகக் கொண்ட இந்தப் பெண்களோ புதிய கருவியின் கணக்கை விரைவில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். இரவு முழுக்க விரிக்கக்கூடிய ஒரு ராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் குறுக்கி, அப்போதும் அது ராகமாகவே இருக்கும்படி பாடவேண்டும். அதைச் செய்து காட்டியது அவர்களுடைய கலைத்திறன். கோயம்புத்தூர் தாயியின் தட்டைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், அதை அடிப்படையாக வைத்து 'ராகமாலிகா' என்றே ஒரு படைப்பை எழுதினார்.

இதே காலத்தில்தான் சதிருக்கு எதிரான இயக்கம் மதராசில் வலுத்துக்கொண்டிருந்தது. 1890களிலேயே 'நாட்டிய எதிர்ப்பு' மனுக்கள் தொடங்கிவிட்டன. 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் நடத்திய போராட்டத்தின் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீடுகளுக்குள் நடந்ததைப் பாருங்கள். எந்தப் பெண்ணைக் கல்யாணத்துக்கு அழைக்கக்கூடாது என்று ஊர் முடிவுசெய்ததோ, அவளுடைய குரல் கூடத்தில் மேசைமேல் சுழன்றுகொண்டிருந்தது. தட்டு, குரலை உடலிலிருந்து பிரித்துத் தந்துவிட்டது. குரலுக்கு நாற்காலி போட்டார்கள், உடலுக்குக் கதவைச் சாத்தினார்கள்.

அந்தப் பிரிப்பு இன்னொரு கதவைத் திறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பார்க்கப்படாமல் பாடலாம் என்ற வசதி, அதுவரை பாட அனுமதிக்கப்படாத வீட்டுப் பெண்களுக்கும் கிடைத்தது. மேடையில் ஆண்கள் முன் உட்காராமல், ஓர் அறைக்குள் பாடி, குரலை மட்டும் ஊருக்கு அனுப்பலாம். டி.கே. பட்டம்மாள் போன்றவர்களின் வருகைக்கு முன்னால் சமூகம் தன்னைப் பழக்கிக்கொண்ட வழிகளில் இசைத்தட்டும் ஒன்று. மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926இல் வந்தது; அப்போது அவருக்கு வயது பத்து. ஒரே கருவி ஒரு கூட்டத்துப் பெண்களின் உடலை மறைத்து அவர்களை மறக்கவைத்தது, இன்னொரு கூட்டத்துப் பெண்களின் உடலை மறைத்து அவர்களை மதிக்கவைத்தது. சாதியைக் கழித்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பாடியவர்கள் இருக்கட்டும். கேட்ட பெண்கள்?

கிராமபோன் வசதியான வீட்டுப் பொருள். சாவி கொடுக்கவேண்டும், ஊசியை அடிக்கடி மாற்றவேண்டும், தட்டு விழுந்தால் உடையும். இத்தனையும் சேர்ந்து அதை 'தெரிந்தவர்கள் மட்டும் தொடும்' பொருளாக்கின. தெரிந்தவர் என்றால் வீட்டு ஆண். தட்டு வாங்கும் கடைக்குப் போவதும் அவரே. மற்ற பெண்களுக்குப் பாட்டு கிடைத்தது தெருவில்தான். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் மைக் செட்காரர் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் ஒலித்தது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கும், ஊருக்குள் வரத் தடைசெய்யப்பட்ட சேரிப் பெண்ணுக்கும் அது கேட்டது. எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்கும் உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை.

அதற்குமுன் அவர்கள் பாடிக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். உலக்கை போடும்போது வள்ளைப்பாட்டு, நடவில் நடவுப்பாட்டு, தொட்டிலுக்குத் தாலாட்டு, சாவுக்கு ஒப்பாரி. கருவி வந்து இவற்றை ஒரே நாளில் அழித்துவிடவில்லை. உலக்கையை ஓரங்கட்டியது மாவு மில். ஆனால் பாடுகிறவள் கேட்பவளாக மாறிய அந்த நீண்ட மாற்றத்தை 'இசை எல்லோருக்கும் கிடைத்தது' என்று ஒரே வரியில் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

வானொலி மதராசுக்கு 1924இலேயே வந்துவிட்டது. மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி, பணமில்லாமல் மூடி, 1930இல் மாநகராட்சி அதைக் கையில் எடுத்தது. அகில இந்திய வானொலியின் மதராஸ் நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே திருச்சி. இங்கேயும் வாசலில் ஒரு காவல் இருந்தது. 1946இல் ஒலிபரப்புத் துறையைப் பொறுப்பில் வைத்திருந்த வல்லபபாய் படேல், சொந்த வாழ்க்கை ஊர்ப்பேச்சாகிவிட்டவர்களுக்கு வானொலியில் இடமில்லை என்று முடிவெடுத்தார். சொந்த வாழ்க்கையை இப்படி அளந்தது ஆண் வித்துவான்களையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1902இல் தன் பெயரைச் சொன்னவளின் வழிவந்த பெண்கள், நாற்பத்து நாலு ஆண்டுகளில் ஒலிவாங்கியின் முன்னாலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்கள் குரலைப் பதித்துத்தான் அந்தத் தொழிலே இங்கே வேரூன்றியிருந்தது.

வீட்டில் வால்வு ரேடியோ கூடத்தில் உயரமான பலகையில் இருந்தது. உரிமம் தபால் ஆபீசில், பெரும்பாலும் வீட்டுத்தலைவர் பெயரில். அதன்மேல் போர்த்திய பூவேலைத் துணியைத் தைத்தவள் அந்த வீட்டுப் பெண். பெட்டிக்கு உடுத்திவிட்டாளே தவிர திருகைத் தொடமாட்டாள். என் மாணவிகளிடம் அவரவர் பாட்டியிடம் வானொலி பற்றிக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். "செய்தி முடிந்ததும் தாத்தா அணைத்துவிடுவார்" என்ற வாக்கியம் சொல் மாறாமல் பல நோட்டுகளில் இருந்தது. மதிய நேரத்து மாதர் நிகழ்ச்சி அதனால்தான் அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. சமையல் குறிப்பும் குழந்தை வளர்ப்பும் கேட்பதற்காக அல்ல; அந்த நேரத்தில் தாத்தா வீட்டில் இல்லை.

1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவானது என்று கருதி வானொலியில் அதை ஒடுக்கினார். மக்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கவேண்டிய நிலை வந்தது. பொதுவாக இதைச் சாஸ்திரிய இசைக்கும் திரை இசைக்கும் நடந்த சண்டையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. சபாவுக்குப் போக நேரமும் சீட்டு வாங்கக் காசும் இல்லாதவர்களின் ரசனைதான் 'மலிவு' என்று பெயர் பெற்றது. அவர்களில் பாதிக்குமேல் பெண்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகம் போன்ற அறிவிப்பாளர்களின் தமிழ், கடல் தாண்டி வந்து அடுப்படியில் பேசியது. பாட்டு கேட்டு அட்டை எழுதினால் பெயரை வாசிப்பார்கள். ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் காற்றில் போவது அன்று சின்ன விஷயமில்லை. ஒரு பாட்டி தன் தம்பி பெயரில் எழுதினாராம். இன்னொருவர் சொந்தப் பெயரில் எழுதி, அது வாசிக்கப்பட்ட நாளில் அண்ணனிடம் அடி வாங்கியிருக்கிறார். எந்தப் பாட்டு என்று பேத்தி கேட்டிருக்கிறாள். சொல்லமாட்டேன் என்று சிரித்துவிட்டாராம். அறுபது ஆண்டு கழித்தும்!

டிரான்சிஸ்டர்தான் பெரிய மாற்றம். 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கையடக்க வானொலி, அடுத்த இருபது ஆண்டுகளில் நம் ஊர்வரை இறங்கியது. மின்கம்பி வேண்டாம், கூடத்துப் பலகை வேண்டாம். அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வீட்டு ஒலிக்கருவிகளில் பெண் இருக்கும் இடத்துக்கு நகர்ந்து வந்த முதல் கருவி இதுதான். இதற்கும் ஒரு முரண் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஒப்புக்கொண்ட ஆண்களுக்கு அரசு ஊக்கப் பொருளாக டிரான்சிஸ்டர் கொடுத்த காலம் அது. ஆணுக்கு அறுவை, அவன் தோளில் ரேடியோ. பிள்ளை பெற்றுக் களைத்தவளுக்கு என்ன தந்தார்கள் என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து டூ-இன்-ஒன் ஆக வந்து சேர்ந்தது. தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர். வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அந்தக் கடைப்படியில் நின்ற பெண்களை எனக்கு அதிகம் நினைவில்லை. தம்பிகளிடம் மடித்துக் கொடுத்தனுப்பிய தாள்களை நினைவிருக்கிறது. வளைகுடா வீடுகளில் அதே கருவி கடிதமாகவும் ஆனது. எழுதப் படிக்கத் தெரியாத மனைவி கேசட்டில் பேசி அனுப்பினாள். அவளுக்கு ரெக்கார்டு பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதே பெரிய செய்தி.

பிறகு ஸ்டீரியோ. அதன் காப்புரிமைக்கு 1931இல் விண்ணப்பித்த ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளும்லைனுக்கு அந்த யோசனை மனைவியோடு சினிமா பார்த்தபோது வந்தது என்பார்கள்: திரையில் நடிகர் ஒரு பக்கம் போகிறார், குரலோ வேறொரு இடத்திலிருந்து வருகிறது. தமிழ்த் திரைப்பாட்டில் ஸ்டீரியோ 1978இல் 'பிரியா' வந்தபோது பேச்சாயிற்று. ஆனால் ஸ்டீரியோ ஒரு நிபந்தனையோடு வரும் கருவி. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள்போல அமையவேண்டும். அந்த மூன்றாம் முனையில் அசையாமல் உட்கார்ந்தால்தான் வயலின் இடப்பக்கமும் தபலா வலப்பக்கமும் குரல் நடுவிலும் நிற்கும். எழுந்து அடுப்படிக்குப் போனால் அந்தச் சித்திரம் கலைந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால் ஸ்டீரியோவுக்கு ஒரு நாற்காலி வேண்டும். அதில் உட்கார ஓய்வுள்ள ஒருவர் வேண்டும்.

அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பது உலகம் முழுக்க ஒரே கதை. 1950களின் அமெரிக்க ஹை-ஃபை இதழ்களில் மனைவி என்பவள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்துகிற கேலிச்சித்திரம். பின்னாளில் ஸ்பீக்கரின் தோற்றத்தை 'மனைவி ஒப்புக்கொள்ளும் அளவு' என்று அளக்க அந்த வட்டாரம் ஒரு கலைச்சொல்லையே உண்டாக்கிக்கொண்டது. பெண்ணுக்குக் கேட்கத் தெரியாது, கூடத்தின் அழகுதான் அவளுக்குக் கவலை என்பது அதன் பொருள். அவள் பெருக்கும் கூடம் அது, துடைக்கும் ஸ்பீக்கர் அது.

இசையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவன் ஆண் என்பது நமக்கும் பழைய வழக்கம்தான். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழெடுத்துப் பாடுகிறாள். கோவலன் அதைத் தன் விருப்பப்படி பொருள்கொண்டு எழுந்து போய்விடுகிறான். கடற்கரையில் உட்கார்ந்து கேட்க அவனுக்கு நேரம் இருந்தது. கண்ணகிக்கு? மதுரை ஆயர் சேரியில்தான் அவளுக்கு முன்னால் பாட்டு வருகிறது. இடைச்சியர் கை கோத்து, அவள் காணவென்று குரவை ஆடுகிறார்கள். பெண்கள் பாட, வேலையொன்றும் செய்யாமல் ஒரு பெண் அமர்ந்து கேட்கும் அபூர்வமான இடம். அந்த நேரத்தில் அவன் கொலையுண்டு கிடக்கிறான் என்பது வேறு.

இன்று கருவி பெண்ணின் கையிலேயே இருக்கிறது. பட்டியல் கொடுக்கத் தம்பி வேண்டாம், உரிமம் வேண்டாம், திருக வேறு கை வேண்டாம். 1979இல் சோனி வாக்மேன் தொடங்கிவைத்தது கைப்பேசியில் முழுமையாகிவிட்டது. ஆனால் பேருந்தில், விடுதியில், சமையலறையில் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். பலர் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருக்கிறார்கள். இன்னொரு காது குக்கர் விசிலுக்கு, குழந்தையின் அழுகைக்கு, மாமியாரின் அழைப்புக்கு, இருட்டிய பிறகு பின்னால் வரும் காலடிக்கு. ஸ்டீரியோவில் பதிந்த பாட்டை ஒரு காதில் கேட்டால், மறுபக்கம் வைத்த வாத்தியம் மெலிந்துவிடும், சில சமயம் காணாமலே போகும். இளையராஜா இடப்பக்கம் வைத்த கிதாரைக் கேட்காமலே ஒரு பாட்டைப் பத்து ஆண்டுகளாகக் கேட்டுவரும் பெண்கள் இருப்பார்கள்.

கைப்பேசியின் செட்டிங்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் இருக்கும் பகுதியில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்காக வைத்தது. இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து தரும். வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவிகள் அப்போதே கைப்பேசியை எடுத்துத் தேடினார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, "ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டுக் கேக்கிற மாதிரி ஒரு ஒரு மணி நேரம் எந்த செட்டிங்ஸ்ல மேடம் இருக்கு?" என்று கேட்டாள்.