டொட் ஐஓ எண்டால் எந்த ஊர்?

நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் கொம்பனி தொடங்கினால் முதல் சண்டை பெயரில்தான் வரும். ஆக்கள் யாழ்ப்பாணத்தில, வாடிக்கையாளர் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும். நினைச்ச பெயர் டொட் கொம்மில் ஏற்கெனவே போயிருக்கும். டொட் எல்கே போட்டால் உள்ளூர்க் கடை எண்டு நினைப்பினமோ எண்டு ஒரு யோசனை. கடைசியில் யாராவது "டொட் ஐஓ எடுப்பம்" எண்டு சொல்லுவினம். கணினி படிச்ச ஆக்களுக்கு ஐஓ எண்டால் இன்புட், அவுட்புட். பார்க்கவும் வடிவு.

ஆனால் அந்த ஐஓ ஒரு இடத்தின் குறியீடு. எங்கட தீவுக்குத் தெற்கே, இதே கடலில் இருக்கிற பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம்.

நாட்டுக் குறியீடுகள் 1985 இலிருந்து பாவனைக்கு வந்தன. அவற்றைப் பகிர்ந்தளித்தவர் ஜோன் போஸ்டல் என்ற அமெரிக்கர். எது நாடு, எது நாடில்லை எண்ட வழக்குக்குள் போக அவருக்கு விருப்பமில்லை. ஐஎஸ்ஓ 3166 என்ற இரண்டெழுத்துப் பட்டியல் ஏற்கெனவே இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார். 1994 இல் எழுதிய விதிகளிலும் அதைத்தான் சொன்னார். கெட்டித்தனமான முடிவுதான். ஆனால் பட்டியலுக்குள் ஒரு பெயர் எப்படி வந்தது எண்ட கேள்வி அதோடு மறைஞ்சு போச்சு. பென்குவின்கள் வாழுற ஹேர்ட் தீவுக்கும் குறியீடு இருக்கு. இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் தீமோருக்கு, போர்த்துக்கேயர் காலத்துக் குறியீடு பட்டியலில் கிடந்தபடியால், சுதந்திரத்துக்கு முதலே 1997 இல் டொட் டிபி கிடைத்தது. அதை நடத்தியது அயர்லாந்தில் இருந்த ஒரு கொம்பனி. பட்டியலில் இல்லாத சனத்துக்கு எதுவும் இல்லை. இதை எங்கட வாசகர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஐஓ பட்டியலுக்கு வந்த கதை இன்னும் மோசம். மொரீசியசுக்குச் சுதந்திரம் கொடுக்க மூன்று வருசம் முதல், 1965 இல், சாகோஸ் தீவுகளை அதிலிருந்து பிரித்து ஒரு புதுக் குடியேற்ற நாட்டைப் பிரித்தானியா உண்டாக்கியது. டியாகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு இராணுவத் தளம் வேணும், சனம் வேண்டாம். அந்தச் சனம் தென்னந்தோட்டங்களில் கொப்பரா வேலை செய்தவர்கள். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாயும், பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாயும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1968 க்கும் 1973 க்கும் இடையில் ஆயிரத்தைந்நூறு தொடக்கம் இரண்டாயிரம் பேர் வரை மொரீசியசிலும் சீஷெல்சிலும் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரா காயவைக்கிற கொட்டிலில் அடைச்சு, வாகனப் புகையை விட்டுக் கொன்றார்கள்.

ஆகவே 1997 இல் டொட் ஐஓ வந்த நேரம் அந்த "நாட்டில்" இருந்தது படையினரும் ஒப்பந்த ஊழியரும் மட்டும்தான். பெயரை விற்கத் தொடங்கியது இங்கிலாந்தில் ஒரு தனியார் கொம்பனி. துவாலுவுக்கு டொட் ரிவி கிடைத்தது. அதை விற்ற பணம் உதவ 2000 இல் அந்த நாடு ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. ஐஓ விற்ற பணத்தில் பங்கு வேணும் எண்டு சாகோஸ் மக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்.

2021 ஒக்ரோபரில் கனடாவுக்குப் போக வெளிக்கிட்ட எங்கட ஆக்களின் படகு ஒன்று கடலில் தத்தளித்து, டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. மூன்று வருசம் கூடாரத்தில் இருந்தார்கள். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் எண்டு அந்த ஆள்புலத்தின் நீதிமன்றமே 2024 டிசம்பரில் சொன்னது. செய்தி வாசிச்ச எத்தனை பேர் அதை டொட் ஐஓவோடு சேர்த்துப் பார்த்தோம்?

இப்ப வியாபாரக் கணக்குக்கு வருவோம். தீவுகளை மொரீசியசுக்குத் திருப்பிக் கொடுக்கிற ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் பிரித்தானியா கையெழுத்திட்டது. ஐஎஸ்ஓ பட்டியலில் இருந்து ஐஓ நீக்கப்பட்டால் டொட் ஐஓவையும் மூடவேண்டும் என்பது விதி. அவகாசம் ஐந்து வருசம், கூடினால் பத்து. யூகோஸ்லாவியாவின் டொட் வையு 2010 இல் அப்படித்தான் அழிந்தது. சோவியத்தின் டொட் எஸ்யு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கு எண்டது வேற கதை. நாடு அழியத்தான் வேணும் எண்டும் இல்லை. பிரெக்சிற் முடிந்த கையோடு, 2021 தொடக்கத்தில், பிரித்தானியாவில் மட்டும் பதிவான கொம்பனிகளின் டொட் ஈயு பெயர்கள் முடக்கப்பட்டன. அட்டை அடிச்சு, பதாகை எழுதி வைச்ச சின்னக் கடைக்காரருக்கு அது நட்டம்.

அதனால எங்களைக் கேட்டால், வடிவுக்காக ஒரு ஊரின் பெயரை எடுக்கிறதை விட, பெயரைக் கொஞ்சம் நீட்டியாவது டொட் கொம் எடுக்கலாம். இல்லாட்டி டொட் எல்கே. அது 1990 இலிருந்து இருக்கு; 2010 இலிருந்து டொட் இலங்கை எண்டு தமிழிலேயே எடுக்கவும் வழி இருக்கு. ஐஓ ஏற்கெனவே எடுத்தவர்கள் அதே பெயரில் இன்னொன்றையும் இப்பவே வாங்கி வையுங்கோ. மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கோ, இணையத்தளத்தைப் பிறகு பார்க்கலாம்.