கொம்புச்சாவுக்கு சீனியா, கருப்பட்டியா, தேனா? வீட்டில் போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

டீ, சீனி, கொஞ்சம் பழைய கொம்புச்சா, மேலே மிதக்க இளந்தேங்காய் வழுக்கை மாதிரி ஒரு ஏடு. கொம்புச்சா போட இவ்வளவுதான் தேவை. ஆரோவில் வட்டாரத்தில் ஏற்கெனவே பழகிப்போன இந்தப் புளித்த தேநீரை, இப்போது 'ஸ்கோபி' எனப்படும் அந்த ஏட்டை ஆன்லைனில் வாங்கி யார் வேண்டுமானாலும் சமையலறையில் போட்டுப் பார்க்கலாம். போட உட்கார்ந்ததுமே வரும் முதல் சந்தேகம் இதுதான்: "சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டா உடம்புக்கு நல்லதுதானே?"

காரைக்காலில் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில், சர்க்கரை நோய் அதிகம் உள்ள மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் பட்டியலில் கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடம். ஒரு மயிரிழை வித்தியாசத்தில், 26.3 சதவீதத்துடன் அடுத்த இடம் புதுச்சேரிக்கு. அதாவது பெரியவர்களில் நாலு பேருக்கு ஒருவர். அப்படிப்பட்ட ஊரில் 'ஆரோக்கிய பானம்' என்ற பெயரில் ஒன்று வீட்டுக்குள் வரும்போது, அதில் எந்த இனிப்பு போகிறது, குடிக்கும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

சீனி நமக்கு இல்லை, கிருமிக்கு

கொம்புச்சாவில் போடும் இனிப்பு ருசிக்காக மட்டும் இல்லை. அது உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்கான சாப்பாடு. சீனி என்பது சுக்ரோஸ். ஈஸ்ட் முதலில் அதைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாக உடைக்கும். அதைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். அடுத்து பாக்டீரியாக்களின் முறை. அவை அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரின் புளிப்பாக மாற்றும். குளுக்கோஸில் ஒரு பகுதியைக் குளுக்கோனிக் அமிலமாக்கும். மேலே மிதக்கும் ஏட்டை நெய்வதும் இவைதான். ஜெல்லி மாதிரி விற்கும் 'நாட்டா டி கோகோ'வை தேங்காய்த் தண்ணீரில் உருவாக்குவதும் இதே வகை பாக்டீரியா என்பது கூடுதல் தகவல்.

இந்தப் புளிப்புதான் கொம்புச்சாவுக்குக் காவல். சீனி குறைந்தாலோ, புளிப்பு ஏறுவது தாமதமானாலோ பூஞ்சை உள்ளே புகுந்துவிடும். எனவே எந்த இனிப்பு நல்லது என்று கேட்பதைவிட, எந்த இனிப்பில் புளிப்பு சீக்கிரமாக, சீராக ஏறும் என்று கேட்பதுதான் சரி.

கள்ளும் பதநீரும் சொல்லிக் கொடுப்பது

நுட்பம் காரைக்காலுக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. வாஞ்சூர் எல்லைக்கு அந்தப் பக்கம் நாகூரில் கள் கிடையாது, இந்தப் பக்கம் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு. பாளையில் இருந்து வடியும்போது தித்திப்பாக இருக்கும் சாறு, சில மணி நேரத்திலேயே ஈஸ்ட் புகுந்து கள்ளாக மாற ஆரம்பித்துவிடும். அப்படியே விட்டால் புளித்து காடியாகும். கொம்புச்சாவில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். இங்கே டீயும் சேர்கிறது, பாக்டீரியாவும் ஆரம்பத்திலேயே உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே சாறு பதநீராக இருக்க வேண்டும் என்றால் என்ன செய்கிறார்கள்? கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்ட்டைத் தலையெடுக்க விடாது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் கருப்பட்டி பற்றிய பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

வெள்ளைச் சீனி: முதல் தடவைக்கு இதுதான்

கேட்கப் பிடிக்காது என்றாலும், கொம்புச்சாவுக்கு மிகப் பொருத்தமானது சாதாரண வெள்ளைச் சீனிதான். அது கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ், வேறு கலப்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி புளிக்கும். தப்பாகப் போனால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவும் எளிது. பொடியில் கலப்படம் இல்லாத நல்ல பனங்கற்கண்டும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்பதால் வேலை செய்யும். ஆனால் அந்த விலைக்கு வாங்கி கிருமிக்குப் போடுவதா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

நாட்டுச்சர்க்கரையும் சரிப்படும். கரும்புப் பாகின் சத்துகள் அதில் கொஞ்சம் தங்கியிருப்பதால் நிறம் அடர்த்தியாகும், ஏடு பழுப்பேறும், வாசனையும் மாறும். பயப்பட ஒன்றுமில்லை.

வெல்லத்தில் கவனம் தேவை. பாபநாசம் பக்கம் வீரமாங்குடியில் காய்ச்சும் அச்சு வெல்லம் முதல் மளிகைக் கடை உருண்டை வெல்லம் வரை எதைப் போட்டாலும் புளிக்கும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் சேர்க்கும் 'ஹைட்ராஸ்' என்ற சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டில். அதில் இருந்து வரும் கந்தக டை ஆக்சைடு கிருமிகளை அடக்கக்கூடியது. ஒயினில் ஈஸ்ட்டைக் கட்டுப்படுத்தவே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆக, எலுமிச்சை நிறத்தில் மின்னும் வெல்லத்தை விட்டுவிட்டு, அழுக்குப் பழுப்பாக இருப்பதை எடுப்பது நல்லது. சோடா கலந்திருக்கிறதா என்று பார்க்க, கரைத்த வெல்லத்தில் ரெண்டு சொட்டு வினிகர் விட்டால் போதும். நுரை பொங்கினால் அந்த வெல்லம் வேண்டாம். எந்த வெல்லமாக இருந்தாலும் கரைத்து, கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டியே சேர்க்க வேண்டும். மண்ணும் சக்கையும் இல்லாத வெல்லம் அபூர்வம்.

கருப்பட்டி ஏன் அடம்பிடிக்கிறது?

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதன் ருசி பற்றி இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் கருப்பட்டி பதநீரைக் காய்ச்சி எடுப்பது, பதநீரோ சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது. அந்தச் சுண்ணாம்பில் கொஞ்சம் கருப்பட்டியிலும் தங்கும். கொம்புச்சாவில் அமிலம் உருவாக உருவாக, இந்தச் சுண்ணாம்பு அதில் ஒரு பங்கை முறித்துவிடும். புளிப்பு ஏறத் தாமதமாகும். அந்தத் தாமதம்தான் பூஞ்சைக்கு வாய்ப்பு. கடலோர நிலத்தடி நீர் கடினமாக இருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் இரண்டு மடங்காகும். குடிநீரைக் காய்ச்சிப் பயன்படுத்துவது மேல்.

அதற்காகக் கருப்பட்டியே கூடாது என்று இல்லை. பாதி சீனி, பாதி கருப்பட்டி என்று ஆரம்பித்து, பழைய கொம்புச்சாவைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் சமாளிக்கலாம். இருக்கும் ஒரே ஏட்டை வைத்து சோதனை செய்யாமல், சீனியில் ஒரு ஜாடி தனியாக ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் முயற்சி செய்யவும். பதநீரிலேயே நேரடியாக ஏட்டைப் போடலாமா என்றால், வேண்டாம். தெளிய வைத்த பதநீரிலும் சுண்ணாம்பின் காரம் இருக்கும். சுண்ணாம்பு இல்லாத சாறு என்றால் அது கொம்புச்சா ஆகாது, கள் ஆகிவிடும்.

தேன், ஸ்டீவியா, சர்க்கரை மாத்திரை

தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏற்கெனவே உடைந்த நிலையில் இருப்பதால் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் காய்ச்சாத தேனுக்குக் கிருமிகளைத் தடுக்கும் குணம் உண்டு, அதிலேயே வேறு நுண்ணுயிர்களும் இருக்கும். தேனும் க்ரீன் டீயும் சேர்த்துப் போடும் 'ஜுன்' என்ற பானத்துக்குத் தேனுக்குப் பழகிய தனி ஏடே இருக்கிறது. சீனியில் வளர்ந்த ஏட்டைத் திடீரென்று தேனில் தூக்கிப் போட்டால் அது சோர்ந்துபோகலாம். தேன் சேர்த்த எதையும் ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குத் தரவே கூடாது.

ஸ்டீவியா, சுக்ரலோஸ், எரித்ரிட்டால் இதெல்லாம் நாக்குக்கு இனிக்கும், ஈஸ்ட்டுக்கு உணவாகாது. இவற்றை மட்டும் போட்டு ஜாடியை மூடினால் பத்து நாள் கழித்துக் கிடைப்பது கெட்டுப்போன டீ. வேண்டுமென்றால் புளித்து முடிந்த பிறகு கிளாஸில் கலந்துகொள்ளலாம். உடல் எடையைக் கட்டுப்படுத்த ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்ததையும் சேர்த்துப் படிக்கவும்.

"புளிச்சிடுச்சு, சுகர் போயிடுச்சு" உண்மையா?

இல்லை. பலரும் ஏமாறும் இடம் இது. புளிப்பு ஏறியதால் இனிப்பு தெரியாமல் போகிறதே தவிர, சர்க்கரை முழுதாகக் காலியாவதில்லை. கணக்கு போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டருக்கு 70 கிராம் சீனி போட்டால், 200 மில்லி கிளாஸில் ஆரம்பத்தில் இருப்பது 14 கிராம். பாதி கரைந்துவிட்டது என்று வைத்தாலும் 7 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூனுக்கு மேல், உள்ளே போகிறது. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீ, காபி, பலகாரம் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 25.

கருப்பட்டி, வெல்லம் போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். இரும்பு, கால்சியம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஒரு கிளாஸில் வரும் அளவு சொற்பம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் 'கருப்பட்டி கொம்புச்சா' என்ற பெயரைப் பார்த்து தைரியமாகக் குடிக்க வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு, குடித்த அன்று குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

அப்போ சீனியையே பாதியாகக் குறைத்தால்? லிட்டருக்கு 50 கிராமுக்குக் கீழே போவது நல்லதல்ல, ஏடு பட்டினி கிடக்கும். அதற்கு இரண்டு நாள் கூடுதலாகப் புளிக்க விட்டு, சின்ன கிளாஸில், தண்ணீர் சேர்த்துக் குடிப்பது மேல்.

அளவும் வெயிலும்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 முதல் 8 கிராம் டீத்தூள், 60 முதல் 70 கிராம் சீனி, 100 முதல் 150 மில்லி பழைய கொம்புச்சா. வெல்லம் என்றால் ஈரப்பதம் இருப்பதால் 75 கிராம், தேன் என்றால் 80 கிராம் வரை. மசாலா டீத்தூள் வேண்டாம், அதிலுள்ள எண்ணெய் ஏட்டுக்கு ஆகாது. டீ நன்றாக ஆறிய பிறகே ஏட்டைச் சேர்க்க வேண்டும். பிஹெச் தாள் இருந்தால் ஆரம்பத்திலேயே 4.5-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கவும். முடியும்போது 2.5 முதல் 3.5-க்குள் இருக்கும்.

குளிர் நாட்டுக் குறிப்புகள் சொல்லும் 10, 14 நாள் கணக்கு காரைக்கால் சித்திரை வெயிலுக்குப் பொருந்தாது. ஐந்தாவது நாளே ருசி பார்க்கத் தொடங்கலாம். ஏட்டின் மேல் உலர்ந்த பஞ்சு மாதிரி வெள்ளை, பச்சை, கறுப்பு எது தெரிந்தாலும் ஏட்டோடு சேர்த்து மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். சுரண்டி எடுத்துவிட்டுக் குடிப்பது ஆபத்து.

கண்ணாடி ஜாடிதான் பாதுகாப்பு. பாட்டி காலத்து பளபளப்பு பீங்கான் ஊறுகாய் ஜாடியில் போட ஆசை வரலாம். மேல்பூச்சில் ஈயம் இருந்தால் அமிலம் அதை இழுத்துவிடும். பீங்கான் பானையில் போட்ட கொம்புச்சாவைக் குடித்து ஈய நச்சு ஏறிய சம்பவம் ஆஸ்திரேலியாவில் 1998-ல் மருத்துவ இதழில் பதிவானது. பித்தளை, செம்பு, அலுமினியமும் கூடாது.

யார் தவிர்க்க வேண்டும்?

கொம்புச்சாவில் கொஞ்சம் ஆல்கஹால் இருந்தே தீரும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் அது மதுபானக் கணக்கு. மூடிய பாட்டிலில் பழமோ சீனியோ சேர்த்து மறுபடி புளிக்க வைத்தால் வீட்டிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். மதரீதியாகவோ, குடியை விட்டவர் என்ற முறையிலோ துளி மதுவும் கூடாது என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். 1995-ல் அமெரிக்காவின் அயோவாவில் இரண்டு பெண்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தபோது, கொம்புச்சாதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனால் அதையொட்டி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறிப்பிட்ட, ஆரோக்கியமானவர்களுக்குப் பாதிப்பு தராத அளவு நாளைக்குச் சுமார் 120 மில்லி. முக்கால் டம்ளர்கூட வராது.

மாங்கனித் திருவிழா சமயத்தில் மாம்பழக் கொம்புச்சா போட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாம்பழச் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் போனால் ஈஸ்ட் மறுபடி வாயுவைக் கக்கும். அந்த வெயிலில் ஒரே நாளில் பாட்டில் வெடிக்கும் அளவுக்கு அழுத்தம் சேரலாம். கேஸ் பானங்களுக்கான தடித்த பாட்டிலில், மேலே மூன்று விரல் இடம் விட்டு ஊற்றி, 24 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். திறக்கும்போது சிங்க்கின் மேல் பிடித்து, மூடியை மெதுவாக.