கோவைக் கரும்பும் டி.என்.ஏ. சொன்ன பழங்கதையும்

கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்கிறார் புறநானூற்றில் ஔவையார். அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. பல நூற்றாண்டுகள் கழித்து, கோயம்புத்தூரில், 1912-ல் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கியது.

ஏன் கோவை? கரும்பு இங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். வட இந்தியாவில் அது அபூர்வம். விவசாயி நடுவது கரணை, விதை அல்ல. எனவே ஒரு ரகம் நட்ட வயல் முழுவதும் மரபு வழியில் ஒரே செடிதான்! புது ரகம் வேண்டுமென்றால் பூ வேண்டும்.

நிலையத்தின் முதல் நிபுணர் சி.ஏ.பார்பர் வட இந்தியாவின் மெல்லிய நாட்டுக் கரும்புகளைத் தண்டு, கணு, இலை பார்த்து ஐந்து கூட்டமாகப் பிரித்தார். பின்னாளில் அவற்றில் பலவற்றுக்கு அவர் பெயரையே வைத்து 'சக்காரம் பார்பெரி' என்றார்கள். அவரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை ஆற்றோரப் பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். 1918-ல் 'கோ 205' வந்தது. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்ததாம். கோவையில் அது வேறு விதமாக இனித்தது!

பேய்க்கரும்பின் குரோமோசோம்கள் செடிக்குச் செடி 40 முதல் 128 வரை மாறும். தடித்த கரும்புக்கு 80. இந்தக் குழப்பமான கணக்கை நுண்ணோக்கியில் எண்ணியவர்களில் ஒருவர் ஜானகி அம்மாள். 1930-களில் கோவையில் வேலை பார்த்தவர். ஆனால் எந்தக் குரோமோசோம் யார் வீட்டுச் சொத்து என்று எண்ணிக்கை சொல்லாது. அதற்கு டி.என்.ஏ. வேண்டியிருந்தது.

இரு இனங்களின் டி.என்.ஏ.வுக்கும் வெவ்வேறு ஒளிரும் நிறம் ஏற்றி, குரோமோசோம்களின் மேல் ஒட்டவிடுவது ஒரு முறை. எது எங்கிருந்து வந்தது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். 2002-ல் பிரான்சின் சிராட் நிறுவன ஆய்வாளர்கள் இப்படிப் பார்த்தபோது, பார்பர் பிரித்த நாட்டுக் கரும்புகளே தடித்த கரும்புக்கும் பேய்க்கரும்புக்கும் பிறந்த கலப்புகள் என்று தெரிந்தது. கோவையில் செய்த கலப்பை இயற்கை எப்போதோ செய்து முடித்திருக்கிறது! அதுவும் மிகச் சில கலப்புகள்தான். மற்றதெல்லாம் கரணையாகவே பெருகியவை.

அந்த நாட்டுக் கரும்புகளை இன்று வயலில் தேடினால் கிடைப்பது கடினம். கோ ரகங்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அந்தப் புது ரகங்களும் சில பெற்றோர்களையே சுற்றிச் சுற்றி வந்தவை. அதன் ஆபத்தை உத்தரப்பிரதேசம் பார்த்தது. 2009-ல் வெளியான 'கோ 0238' அங்கே கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. நல்ல விளைச்சல், நல்ல சர்க்கரை. பிறகு செவ்வழுகல் நோய் வந்தது. ஒரே செடி என்பதால் ஒன்றைத் தாக்கியது எல்லாவற்றையும் தாக்கியது.

எதிர்ப்புச் சக்தி தேடிப் போக வேண்டிய இடங்களில் முக்கியமானது பழைய சேகரிப்பு. கண்ணூரில் இருக்கும் கோவை நிலையத்தின் கிளையில் அந்த நாட்டுக் கரும்புகள் உயிரோடு இருக்கின்றன. உலகில் இப்படிப்பட்ட பெரிய கரும்புச் சேகரிப்பு இன்னொன்றுதான் உண்டு, அமெரிக்காவின் மியாமியில். விதை நெல் மாதிரி டப்பாவில் போட்டு வைக்க முடியாது. ஒவ்வொரு ரகத்தையும் கரணை வெட்டி, திரும்பத் திரும்ப நட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.