தோட்டராமனும் கிள்ளான் சைக்கிளும்

தமிழ்நாட்டில் தோட்டம் என்றால் கத்தரிச்செடியும் கிணறும் நினைவுக்கு வரும். மலேசியாவில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம். ரப்பர் மரம், லயம், விடியற்காலைப் பெரட்டு, கிராணி, கள்ளுக்கடை, எல்லாவற்றுக்கும் மேலே துரையின் பங்களா, இத்தனையும் சேர்ந்ததுதான் இங்கே தோட்டம். அதனால்தான் 1951-இல் வந்த ‘பாதாள பைரவி’யின் நாயகனுக்குத் தோட்டராமன் என்று பெயர் இருப்பது கிள்ளான் பக்கத்துக் காதுகளில் எப்படி விழுந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. படத்தில் அவன் உஜ்ஜயினியில் பூந்தோட்டம் பார்க்கும் குடும்பத்துப் பிள்ளை. நம்ம ஊரில் கேட்டால் அவன் எஸ்டேட்காரன்.

விஜயா நிறுவனம் எடுத்து, கே. வி. ரெட்டி இயக்கிய படம். தெலுங்கில் மார்ச் 15, தமிழில் மே 17 அன்று வெளியானது. தமிழுக்கு எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். தெலுங்கின் ‘காசி மஜிலி’க் கதைகளையும் அலாவுதீனின் விளக்கையும் கலந்து செய்த கதை. தயாரிப்பாளர்கள் நாகிரெட்டியும் சக்ரபாணியும் அம்புலிமாமாவையும் நடத்தியவர்கள் என்று தெரிந்தால் அந்தக் குகையும் பூதமும் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டியதில்லை. என். டி. ராமாராவ்தான் தோட்டராமன். ஆனால் படத்தைத் தின்பவர் மாந்திரீகனாக வரும் எஸ். வி. ரங்காராவ். அப்போது அவருக்கு 33 வயதுகூட நிரம்பவில்லை, நம்ப முடிகிறதா?

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோட்டராமன் இளவரசியைக் காதலித்து, கோட்டைக்குள் ஏறிக் குதித்து, பிடிபடுகிறான். ராஜா விதிக்கும் நிபந்தனை: எனக்குச் சமமான செல்வத்தோடு வா, பெண் தருகிறேன். பணம் தேடிப் போகிறவனை ஒரு மாந்திரீகன் பிடித்துக்கொள்கிறான். வீரன் என்று புகழ்ந்து, புதையல் ஆசை காட்டி, குகைக்குள் கூட்டிப்போகிறான். அவனுக்குத் தேவை பாதாள பைரவிக்குப் பலியிட ஒரு துணிச்சலான இளைஞன். கடைசி நேரத்தில் உண்மை தெரிந்து, தோட்டராமன் மாந்திரீகனையே பலி கொடுத்துவிடுகிறான். கேட்டதைத் தரும் பொம்மை அவன் கைக்கு வருகிறது.

இந்த இடத்தில் எனக்குக் கங்காணிதான் ஞாபகத்துக்கு வருகிறான். கடலுக்கு அந்தப் பக்கம் செல்வம் இருக்கிறது என்று சொல்லி ஊர் ஊராக ஆள் பிடித்தவன். எடுத்தவர்கள் அதை நினைத்து எடுத்திருக்க வாய்ப்பே இல்லை. பார்த்தவர்கள் விஷயம் தனி.

படம் வருவதற்குப் பத்து வருடம் முன்னால் இதே கிள்ளானில் என்ன நடந்தது? 1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், அதில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து என்று கோரிக்கைகள் நீண்டன. அதில் ஒன்று, துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போக அனுமதி. கூலிக் கணக்கை யாரும் புரிந்துகொள்வார்கள். இந்தச் சைக்கிள் கோரிக்கையைப் புரிந்துகொள்ள, கைத்தடியோடு வரும் ஒருவனைப் பார்த்ததும் பதறி இறங்கி, வண்டியைப் பிடித்தபடி தலை குனிந்து நிற்கும் அப்பாவை ஒரு பிள்ளை பார்த்திருக்க வேண்டும். மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். போராட்டம் பரவியதும் ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் செத்தார்கள்.

அதற்குப் பிறகு ஜப்பான்காரன் வந்தான். தமிழரும் தெலுங்கருமாகத் தோட்டத்து ஆட்களைச் சயாம் மரண ரயிலுக்கு அள்ளிக்கொண்டு போனான். போர் முடிந்ததும் சங்கம் எழுந்தது. 1948 ஜூனில் அவசரகாலம். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தோட்டராமன் கோட்டைச் சுவர் ஏறிக் குதித்த அந்த வருடத்தில் இங்கே தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி.

என் பாட்டி படத்தைப் பார்த்தது காப்பார் பக்கத்துத் தோட்டத்துத் திடலில். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு நகரத்துத் தியேட்டர் இருந்தது; தோட்டத்துக்கு இரண்டு கம்பமும் ஒரு வெள்ளைத் துணியும். முன் வரிசைக்குச் சாக்கு விரித்து இடம் பிடிக்க வேண்டும். பாட்டி வீட்டில் தெலுங்கு பேசினார்கள், விசாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தோட்டத்துப் பள்ளி தமிழ்ப்பள்ளி, பக்கத்து லயம் முழுக்கத் தமிழ், திரையிலும் தமிழ். “நம்ம ஆளுங்கதான் நடிச்சாங்க, ஆனா நம்ம பாஷை பேசல” என்பார். வருத்தமாகச் சொல்லமாட்டார், தகவலாகச் சொல்வார். இன்று அவருடைய பேரப்பிள்ளைகளான எங்களில் ஒருவருக்கும் தெலுங்கு தெரியாது. தெலுங்கு வடிவத்தை ஆங்கில வரிகளோடுதான் பார்க்கிறோம்.

1941-இல் அவருக்கு ஐந்து வயது. வேலைநிறுத்தத்தைப் பற்றி வீட்டில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. நான் அதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படத்தையோ அவர் காட்சி காட்சியாகச் சொல்வார்.

படத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. தோட்டராமன் ராஜாவின் நிபந்தனையைக் கேள்வி கேட்பதே இல்லை. பொம்மையிடம் அரண்மனை கேட்கிறான், சமமாகிவிடுகிறான், மாப்பிள்ளை ஆகிறான். மற்ற தோட்டக்காரர்கள் நாளைக்கும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும்.

ஆனால் தாடிக் காட்சிக்காக எதையும் மன்னிக்கலாம். மறுபடி உயிர் பெற்று வந்து இளவரசியைத் தூக்கிப்போன மாந்திரீகனின் சக்தி முழுக்க அவன் தாடியில். தோட்டராமனின் கூட்டாளி அஞ்சி, சீடன் சதாஜபனைப் போல வேஷம் போட்டு உள்ளே போகிறான். தாடி போனால் இளவரசிக்குப் பிடிக்கும் என்று ஆசை காட்ட, அந்தப் பெரிய மாந்திரீகன் மாப்பிள்ளைக் களையோடு மழித்துக்கொள்கிறான். வாளே தேவைப்படவில்லை. இந்த இடம் வந்தால் பாட்டிக்குச் சிரிப்பு தாங்காது. சிரித்துக்கொண்டே, அவருடைய தோட்டத்துத் துரை ஒருவனின் மீசையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். எந்தத் துரை பாட்டி, என்ன செஞ்சான் என்று கேட்டால், “அடுப்புல பால் இருக்கு” என்று எழுந்து போய்விடுவார்.