ஒரு சர்வர் எத்தனை பேரைத் தாங்கும்? ரயில் டிக்கெட் சொல்லும் வரலாறு



தட்கல் நேரத்தில் திரை சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதவர்கள் நம்மில் குறைவு. ஒரு கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் எத்தனை பேரைத் தாங்கும்? இந்தக் கேள்விக்கு அறுபது வருடத்துக்கு மேல் வயதாகிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

1950களில் ஒரு கம்ப்யூட்டரை ஒரு நேரத்தில் ஒருவர் வேலைக்குத்தான் விடுவார்கள். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு, விடைக்கு மறுநாள் வரவேண்டும். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் வேறு வழியைச் செய்து காட்டினார்கள். நம் பி.ஏ.பி. ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். அங்கே முறை மாதக்கணக்கில் வரும். இங்கே விநாடிக்குள் வந்து போய்விடும். அதனால் ஒவ்வொருவருக்கும் மிஷின் தனக்கே சொந்தம் போலத் தோன்றும். சி.டி.எஸ்.எஸ். என்ற அந்த அமைப்பு பிறகு சுமார் 30 பேரை ஒரே சமயத்தில் தாங்கியது.

இந்த ஏற்பாடு நம் ஊர் ஜனங்களுக்கு ரயில் ரிசர்வேஷன் வழியாக வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேரேடு, கையெழுத்தில் பதிவு. 1980களின் நடுவில் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. பிறகு சென்னை, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத் என்று மையங்கள் வந்தன. 1999இல் ஐந்தும் ஒரே வலையாக இணைந்தன. கோவை ஜங்ஷன் கவுன்ட்டரில் இருந்தது திரையும் விசைப்பலகையும் மட்டுமே. கணக்குப் போடும் மூளை சென்னையில் இருந்தது. இன்று தின் கிளையண்ட் என்கிறார்களே, அதற்கு மூத்த அண்ணன் இந்த டெர்மினல்.

இப்போது ஒரு வாய்க்கணக்கு. கிளார்க் படிவத்தைப் பார்த்து, பெயர் தட்டி, சில்லறை எண்ணி, 60 விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேள்விக்கு சர்வருக்கு அரை விநாடி வேலை. அப்படியானால் அது அதிகபட்சம் 120 கவுன்ட்டரைத் தாங்கும். அந்த எல்லையை நெருங்கும்போதே காத்திருப்பு கூடிவிடும். அதே 120 பேர் பொறுமையிழந்து 5 விநாடிக்கு ஒருமுறை பொத்தானைத் தட்டினால்? அதே சர்வர் 10 பேரைத்தான் தாங்கும். மிஷின் மாறவில்லை, கேட்கும் வேகம்தான் மாறியது. ஆகவே ஒரு சர்வரின் கொள்ளளவை நாற்காலிகளை எண்ணிச் சொல்ல முடியாது. ஒரே நொடியில் எத்தனை கைகள் தட்டுகின்றன என்பதுதான் கணக்கு.

2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. கவுன்ட்டர் வீட்டுக்கே வந்தது. காலை 10 மணிக்கு ஏசி தட்கல், 11 மணிக்கு மற்ற வகுப்பு என்று கடிகாரம் வைத்து நாடே ஒரே நொடியில் தட்டுகிறது. 2014இல் புதிய அமைப்பு வந்தபோது, ஒரே சமயத்தில் 40,000 பேர் என்றிருந்த அளவு 1,20,000 ஆனது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆனது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வகுத்துப் பாருங்கள்: 1,20,000 பேரும் கேட்டால் முதல் நிமிடத்தில் ஏறத்தாழ 17 பேரில் ஒருவருக்கே டிக்கெட். கூட்டம் மிகுந்த வண்டிகளில் தட்கல் இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

ஜங்ஷனில் வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. விடிகாலை நாலு மணிக்கு வந்தவர் முன்னால் நின்றார். இன்று வரிசை சர்வருக்குள் போய்விட்டது. அங்கே முன்னால் நிற்பது பெரும்பாலும் நல்ல இணைப்பு உள்ளவர். அந்தியூர் மலைப்பக்கம் ஒற்றைக்கோடு சிக்னலில் தட்டுபவர், தான் எங்கே நிற்கிறோம் என்றே அறியமாட்டார்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. நம் மாநிலத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. ஒரு சர்வரும் அதைச் சார்ந்த தின் கிளையண்ட்களும் கொண்ட ஏற்பாடு. ஆன்லைன் தேர்வன்று ஒரே மணியடித்து எல்லாப் பிள்ளைகளையும் தொடங்கச் சொன்னால் அதுவும் ஒரு தட்கல்தான். திரை நின்றுபோனால், முதன்முதலாக மவுஸ் பிடிக்கும் பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைக்கும்.

ஆசிரியர்களாக, தலைமை ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். சில நிமிட இடைவெளி விட்டு வரிசை வரிசையாகத் தொடங்கச் சொல்லுங்கள். திரை நின்ற நேரத்தைக் குறித்து வைத்து, அதைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்கும்படி மேலே எழுதிக் கேளுங்கள். கணினித் துறையில் இருப்பவர்களே, புது அமைப்பு செய்யும்போது சராசரி நாளைப் பார்த்து அளவெடுக்காதீர்கள். கூட்டம் மொத்தமாக வரும் அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்து எடுங்கள்.

உங்கள் பள்ளி லேப் எப்படி ஓடுகிறது என்று கீழே எழுதுங்கள், படிக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.