காதால் பார்த்த படங்கள்



கடந்த விடுமுறையில் மூன்று திரைப்படங்களைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் உடனிருந்தனர். ‘கம்பெரலிய’ தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள் ஒருவன் கேட்டான்: “சேர், இவையள் ஏன் கதைக்காமலே இருக்கினம்?” அக்கேள்வியே இன்றைய உரைக்கு வித்து.

நாம் சினிமாவைக் காதால் பயின்றவர்கள். 1952 இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் வசனங்களை மனனஞ் செய்து ஒப்புவிப்பார் என் தந்தையார். படமாளிகைக்குச் செல்ல வசதியற்ற நாட்களில் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டே படம் ‘பார்த்த’ குடும்பம் எங்களுடையது. அதிற் குறைகாண்பதற்கில்லை, தமிழை நேசிக்கக் கற்பித்ததும் அதுவே. ஆனால், பேச்சில்லாத இடத்தில் எதுவுமே இல்லை என எண்ணும் பழக்கமும் கூடவே வந்து சேர்ந்தது.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 1944 ஆம் ஆண்டு நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963 இல் படமாக்கினார். அதுவே ‘கம்பெரலிய’. தென்னிலங்கைக் கிராமமொன்றின் பெரிய வீட்டுப் பெண் நந்தா. ஆங்கிலம் கற்பிக்க வந்த பியல் மீது அவளுக்கு மனமுண்டு. குலப்பெருமை குறுக்கே நிற்கிறது. நமது படமாயின் பத்துப் பக்க வசனம் வந்திருக்கும். இங்கே அவள் முகமே பேசிவிடுகிறது. 1965 இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் இப்படம் தங்கமயில் விருது பெற்றது.

இரண்டாவது, 1977 இல் யாழ்ப்பாணத்தில் உருவான தமிழ்ப்படம் ‘பொன்மணி’. நெறியாளர் தர்மசேன பத்திராஜ. எழுதியவர் காவலூர் இராஜதுரை. சீதனத்தையும் சாதியையும் நம் முகத்துக்கு நேரே வைத்த படம். எனினும் அன்றைய இரசிகர் அதனை வரவேற்கவில்லை. “அதென்ன படம், ஒரு வசனம் வாயிலை நிக்காது” என்று அப்பா சிரிப்பார். படத்தைப் பாராமலே அச்சிரிப்பை நானும் பல காலம் சுமந்து திரிந்தேன். இப்போது பார்த்தபோது வெட்கமாயிருந்தது. போருக்கு முந்திய யாழ்ப்பாணம் அதில் பதிவாகியிருக்கிறது. நம் மொழியில், நம்மைப் பற்றி எடுக்கப்பட்ட படத்தை நாமே கைவிட்டோம்.

மூன்றாவது, பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’, 1997. போர்முனைக்குப் போன மகனின் உடலென்று முத்திரையிட்ட பெட்டியொன்று வீட்டுக்கு வருகிறது. பார்வையற்ற தந்தை வன்னிஹாமி நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். இறுதியில் குழி தோண்டப்படுகிறது. பெட்டிக்குள் மகன் இல்லை. 2000 ஆம் ஆண்டில் இப்படத்தின் காட்சி தடுக்கப்பட்டது. 2001 இல் உயர்நீதிமன்றமே வழிதிறந்தது. வன்னிஹாமியாக வரும் ஜோ அபேவிக்ரம அதிகம் பேசுவதில்லை. மகனைப் பறிகொடுத்த எந்த வீட்டுக்கும் அந்த மௌனம் விளங்கும். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

கண்ணுள்ளவர்கள் காணாததைப் பார்வையற்றவர் கண்டார். நாமோ கண்ணிருந்தும் காதை மட்டுமே நம்பியிருந்தோம்.

பத்திராஜவும் பீரிஸும் 2018 இல், சில மாத இடைவெளியில் மறைந்தனர். அவர்களுக்குச் செய்யும் மரியாதை விழா எடுப்பதன்று. நேயர்களே, ‘பொன்மணி’யை ஒருமுறை பாருங்கள். வசனத்துக்காகக் காத்திராமல் பாருங்கள். என் தந்தையாருக்கு அதை மீண்டும் போட்டுக்காட்ட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.