லோரி ஓட்டும் விளையாட்டில் தலை திருப்பிப் பார்க்க: குறைந்த செலவில் வீட்டு ஏற்பாடு

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஓட்டும் இளைஞர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். அதில் பிரிட்டன் சாலைகளில் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். ரவுண்டபவுட் வந்ததும் வலப்பக்கம் வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கை ஸ்டேரிங்கில் இருக்கும். மவுசைத் தேடுவதற்குள் இடித்துவிடும். நாம் தலையைத் திருப்பும்போதே திரையில் காட்சியும் திரும்பினால் இந்தத் தொல்லை இல்லை.

இதற்கென விற்கும் டிராக் ஐ.ஆர் கருவியின் விலை பல நூறு ரிங்கிட். பிள்ளை கேட்கிறான் என்று உடனே வாங்கிவிட வேண்டாம். மடிக்கணினியில் உள்ள கேமராவை வைத்தே முதலில் முயன்று பார்க்கலாம்.

ஓப்பன்டிராக் என்பது இலவச மென்பொருள். கிட்ஹப் தளத்தில் உள்ள அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். உள்ளீட்டில் 'நியூரல்நெட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கேமராவில் தெரியும் முகத்தை வைத்தே அசைவைக் கணக்கிடும். வெளியீட்டில் 'ஃப்ரீடிராக் 2.0' என்று வைத்தால், டிராக் ஐ.ஆர் கருவியை ஏற்கும் விளையாட்டுகள் பலவும் இதையும் ஏற்கும். ஓப்பன்டிராக்கை முதலில் ஓடவிட்டு, பிறகு விளையாட்டைத் திறக்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழட்டும். இருட்டறையில் கேமரா மெதுவாகிப் படம் தடுமாறும்.

பலர் கைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். தலையை முழுக்கத் திருப்பினால் திரையே கண்ணில் படாது. ஆகவே தலை 30 பாகை திரும்பினால் காட்சி 90 பாகையாவது திரும்ப வேண்டும். 'மேப்பிங்' பகுதியில் உள்ள வளைகோட்டில் இதை அமைக்கலாம். தொடக்கத்தில் 3, 4 பாகை வரை கோடு தட்டையாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் மூச்சு விட்டாலே காட்சி ஆடும். நான் முதல் நாள் இதைச் செய்யாமல் ஓட்டி, பத்து நிமிடத்தில் தலைசுற்றி எழுந்துவிட்டேன். இட வலம், மேல் கீழ் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அசைவுகளை முதல் வாரம் அணைத்துவிடுங்கள். காட்சியை நடுவுக்குக் கொண்டுவர ஒரு விசையையும் ஒதுக்குங்கள்.

இதிலும் திருப்தி இல்லை என்றால்தான் ஈயம் பற்றவைக்கும் வேலை. மூன்று அகச்சிவப்பு எல்.இ.டி.களைத் தொடராக இணைத்து, பழைய ஹேங்கர் கம்பியில் கட்டி, ஹெட்போனின் ஒரு பக்கத்தில் பொருத்த வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் உள்ளது சற்று முன்தள்ளி. எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 1.3 வோல்ட் என்றால் மூன்றுக்கும் 3.9. யூ.எஸ்.பி. தருவது 5 வோல்ட். மீதி 1.1 வோல்ட்டைத் தாங்க ஒரு 39 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியருக்குள் நிற்கும். எல்.இ.டி.யின் நீண்ட கால்தான் பாசிட்டிவ். நுனியை மணல்தாளால் தேய்த்தால் ஒளி பரவலாக விழும். கணினியில் செருகுவதற்கு முன் கைப்பேசி சார்ஜரில் சோதித்துவிடுங்கள்.

அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி. எரிகிறதா என்று கைப்பேசியின் முன்கேமராவில் பாருங்கள், பெரும்பாலும் ஊதா நிறமாகத் தெரியும்.

கேமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடிச் சில்லு இருக்கும். அதை எடுத்துவிட்டு, கழுவிய கலர் பிலிமின் முழுக் கறுப்புத் துண்டை லென்சின் முன் ஒட்ட வேண்டும். கறுப்பு வெள்ளை பிலிம் உதவாது. சில்லை எடுக்கும்போது கேமரா பாழாகலாம், மடிக்கணினியின் கேமராவில் கைவைக்காதீர்கள். பழைய பிளேஸ்டேஷன் 3 ஐ கேமரா கிடைத்தால் அதுவே நல்லது. 640க்கு 480 அளவில் நொடிக்கு 60 படம் தரும்.

கிளிப்பின் அளவுகளை மில்லிமீட்டரில் அளந்து மென்பொருளில் இட வேண்டும். உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பகலில் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. கேமரா அதையும் நான்காவது எல்.இ.டி. என்று எடுத்துக்கொள்ளும்.